கல்யாணத்துக்கு வந்த சொந்தங்களை எங்கே கூட்டிப்போவது?

கேள்வி: மகளின் கல்யாணம் ஆனி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. ஞாயிறு மாலை வரவேற்பு. கனடா, லண்டன், யாழ்ப்பாணம் என்று 26 பேர் வந்து நிற்பார்கள். அதில் எழுபது தாண்டியவர்கள் ஐந்து பேர், சின்னப் பிள்ளைகள் ஆறு பேர். செவ்வாய்தான் கொழும்புக்குத் திரும்புகிறார்கள். சனிக்கிழமை ஒரே நாளில் பாசிக்குடாவையும் அறுகம்பையையும் காட்டிவிடலாம் என்கிறார் என் தம்பி. முடியுமா? — மட்டக்களப்பு, கல்லடி வாசகி

பதில்: முடியாது. மட்டக்களப்பிலிருந்து பாசிக்குடா வடக்கே சுமார் 35 கிலோமீற்றர், அறுகம்பை தெற்கே சுமார் 110. இரண்டுக்கும் போய்த் திரும்பினால் ஏறக்குறைய 290 கிலோமீற்றர் ஓட்டம். முதல் நாள் கல்யாணக் களைப்போடு இருப்பவர்கள் சனி முழுக்க வாகனத்துக்குள் தூங்கி, ஞாயிறு வரவேற்பில் கொட்டாவி விடுவார்கள். அறுகம்பையை இளையவர்களுக்கு விட்டுவிடுங்கள். திங்கள் போய் ஓரிரவு தங்கி, செவ்வாய் அங்கிருந்தே கொழும்புக்குக் கிளம்பட்டும். அலைச்சறுக்குக்கு அது நல்ல பருவமும்கூட.

சனிக்குப் பாசிக்குடா மட்டும் போதும். ஆனியில் நம் பக்கக் கடல் அமைதியாக இருக்கும். சிக்கல் வெயிலும், தென்மேற்கிலிருந்து வறட்சியாக வீசும் கச்சான் காற்றும்தான். அதனால் காலை ஆறு மணிக்கே வாகனம் வாசலில் நிற்கவேண்டும். ஆறு மணி என்று சொன்னால் ஏழுக்குத்தான் கிளம்புவார்கள் என்பதால், ‘ஐந்தரைக்குத் தேத்தண்ணி’ என்று முதல் நாளிரவே வட்ஸ்அப்பில் போட்டுவிடுங்கள்.

வரிசை முக்கியம். முதலில் கோயில், பிறகு கடல், கடைசியில் மீன் சாப்பாடு. மாற்றிப் போட்டால் மச்சம் சாப்பிட்டாயிற்று என்று பெரியவர்கள் கோயில் வாசலிலேயே நின்றுவிடுவார்கள், ஈர உடுப்போடு பிள்ளைகளையும் உள்ளே கூட்டிப்போக முடியாது. சித்தாண்டி முருகன் கோயில் போகிற வழியிலேயே இருக்கிறது. அரை மணி நேரம் ஒதுக்கினால் போதும். வெளிநாட்டுப் பிள்ளைகள் அரைக் காற்சட்டையோடு ஏறிவிடுவார்கள். கைக்கு இரண்டு வேட்டியும் இரண்டு சால்வையும் உபரியாக வைத்திருங்கள்.

எட்டு மணிக்குள் பாசிக்குடாவில் இறங்கிவிடலாம். கரையிலிருந்து வெகுதூரம் நடந்தாலும் இடுப்பளவு தண்ணீர்தான், அடியில் மணல். நீந்தத் தெரியாதவர்களுக்கும் தோதான இடம். ஆனால் ஆழமில்லை என்ற தைரியத்தில்தான் கவனம் தவறும். ஆறு பிள்ளைகளுக்கு இரண்டு பெரியவர்கள் தண்ணீருக்குள்ளேயே நிற்கவேண்டும். கரையிலிருந்து கைகாட்டிக்கொண்டிருப்பது காவல் ஆகாது. இயந்திரப் படகுகள் வந்துபோகும் பக்கம் போகவிடாதீர்கள். முதுகும் பிடரியும் வெந்துபோவது இன்னொரு தொல்லை. தண்ணீர் குளிர்ச்சியாக இருப்பதால் வெயில் உறைக்காது, இரவில்தான் எரியும். நீளக்கை உடுப்போடு இறங்கச் சொல்லுங்கள். சிவந்து தோலுரிந்த முகத்துக்கு ஞாயிறு மாலை எந்த அலங்காரமும் எடுபடாது. பத்தரைக்குக் கரையேறிவிடுங்கள்.

பெரியவர்களுக்கு மடக்குக் கதிரை ஐந்து, பெரிய குடை இரண்டு. ஆளுக்கு இரண்டு லீற்றர் கணக்கில் 52 லீற்றர் குடிநீர். ஐந்து லீற்றர்ப் போத்தல் 11 வாங்கினால் சரி. ஈரத்தோடு ஏறினால் இருக்கை பாழாகிறதென்று சாரதி முகம் சுளிப்பார், அதனால் விரிக்கப் பழைய பெட்சீற்றும் பொலித்தீனும் வேண்டும். வீட்டிலிருந்து பார்சல் கட்டுவதென்றால் தேங்காய்ப்பால் கறி வேண்டாம், அந்தச் சூட்டில் மதியத்துக்குள் புளித்துவிடும். கடையில் சாப்பிடுவதென்றால் எத்தனை மீன் சோறு, எத்தனை மரக்கறி என்று முதல் நாளே தொலைபேசியில் சொல்லிவையுங்கள். சொல்லாமல் போய் 26 பேர் உட்கார்ந்தால் பாதிப் பேர் சாப்பிட்டு முடிக்கும்போதுதான் மீதிப் பேருக்கு உலை வைப்பார்கள். மதியம் இரண்டரைக்கு வீடு.

வாகனத்துக்கு ஒரே பெரிய பஸ் பிடிக்காதீர்கள். ஒருவருக்குத் தலைசுற்றினாலும் எல்லாரும் திரும்பவேண்டி வரும். ஒரு கோஸ்டரும் (சின்ன பஸ்) ஒரு வானும் எடுங்கள். பெரியவர்களும் கைக்குழந்தைக்காரரும் வானில் வந்தால், களைத்ததும் முதலில் கிளம்பலாம். பேசும்போது நாள் வாடகையா, கிலோமீற்றர்க் கணக்கா, காத்திருப்புக்குத் தனியாகவா, நிறுத்திவைத்திருக்கும்போதும் ஏசி ஓடுமா, சாரதி சாப்பாடு யார் பொறுப்பு என்று ஐந்தையும் கேட்டு எழுதி வாங்குங்கள். அந்தச் சனி போயா என்ற முழுநிலவு நாளோடு ஒட்டிய விடுமுறையாக வந்தால் பாசிக்குடா நிரம்பி வழியும். நாட்காட்டியைப் பார்த்துவிட்டு, தேவையென்றால் திங்களுக்கு மாற்றுங்கள்.

ஞாயிறு காலை நகரத்தை விட்டு வெளியே போகவேண்டாம். கல்லடிப் பழைய இரும்புப் பாலத்தில் ஒரு நடை. பிறகு புளியந்தீவுக் கோட்டை: 1628இல் போர்த்துக்கீசர் கட்டியது, 1638இல் ஒல்லாந்தர் பிடித்தது. இரண்டு பக்கம் வாவி, இரண்டு பக்கம் அகழி. பக்கத்திலேயே காந்தி பூங்கா, பெரியவர்கள் நிழலில் இருக்கலாம். நேரமிருந்தால் பாலமீன்மடு வெளிச்சவீடு. 1913இல் கட்டியது, 28 மீற்றர் உயரம். அங்கே வாவியில் படகுச் சவாரி உண்டு, கண்டல் மரங்களுக்கிடையே போவார்கள். உயிர்காப்பு அங்கி இல்லாத படகில் ஒருவரையும் ஏற்றாதீர்கள். பதினொன்றுக்கு எல்லாரும் வீட்டில் இருந்தால்தான் தலைவாரல், சேலை கட்டல் எல்லாம் ஒப்பேறும். வாவிக்கடியிலிருந்து பாடுவதாகச் சொல்லப்படும் பாடும் மீனைக் கேட்போம் என்று யாரேனும் அடம்பிடித்தால், முழுநிலவு இரவில் படகின் இயந்திரத்தை நிறுத்தி, துடுப்பைத் தண்ணீருக்குள் விட்டு மறுநுனியில் காது வைக்கவேண்டும். கேட்கும் என்று வாக்குக் கொடுக்காதீர்கள்.

திங்கள், மிச்சம் இருப்பவர்களுக்குத் தெற்கு. ஆரையம்பதி தாண்டி மண்முனைச் சந்தியில் வலப்பக்கம் திரும்பினால் பாலத்தைக் கடந்து வாவியின் மேற்குக் கரையான படுவான்கரை, கொக்கட்டிச்சோலை தான்தோன்றீஸ்வரர் கோயில். 2014இல் பாலம் திறக்கும்வரை படகுப் பாதையில்தான் கடந்தோம். யாழ்ப்பாணத்துக்காரருக்கு இதைச் சொன்னால் ஆர்வமாகக் கேட்பார்கள். காலையிலேயே போங்கள், மதியப் பூசையோடு நடை சாத்திவிடும். திரும்பிப் பிரதான வீதிக்கு வந்து கல்முனைப் பக்கம் போனால் மருதமுனை. கைத்தறிச் சாறமும் சேலையும் வாங்க அதைவிட நல்ல இடம் இந்தக் கரையில் இல்லை. சாயம் போகுமா என்று கேட்டு வாங்குங்கள். ஈரக் கைக்குட்டையால் கரையைத் தேய்த்துப் பார்க்கலாம். எருமைத் தயிர் முட்டியைக் கடைசியில் வாங்குங்கள். வானின் பின்பக்கத்தில் இரண்டு மணி நேரம் குலுங்கினால் தண்ணீர் விட்டுவிடும்.

செவ்வாய் கொழும்புக்குப் போகிறவர்கள் வாகனத்தில் போவதானால் பொலன்னறுவை வழியில்தான் வருகிறது. தனிப் பயணமாகப் போட்டுக் காசைக் கரைக்கவேண்டாம், போகும்போதே இறங்கிப் பார்க்கட்டும். விடியக் கிளம்பச் சொல்லுங்கள். வெலிக்கந்தைப் பக்கம் இருட்டினால் யானை வீதிக்கு வரும்.