வாசகர் கேள்வி–பதில்: செடிக்கு எந்த எல்.ஈ.டி. விளக்கு?

கேள்வி: வீட்டு அறையொன்றில், நான்கடிக்கு இரண்டடித் தட்டில் சலாது வளர்க்க எண்ணியுள்ளேன். கடையில் “1000 வாட்” என்று எழுதிய ஊதா நிற எல்.ஈ.டி. பலகையைக் காட்டுகிறார்கள், என் தம்பியோ வெள்ளை விளக்கே போதும் என்கிறார். எதை வாங்கலாம்?
– வாசகி, உவர்மலை

பதில்: தம்பி சொல்வதையே கேளுங்கள். இலைப்பச்சை நீலத்தையும் சிவப்பையும் கூடுதலாக உறிஞ்சுகிறது என்பதால் ஊதா விளக்குகள் பரவின. ஆனால் 400 முதல் 700 நனோமீற்றர் வரையான ஒளி முழுவதும், பச்சை உட்பட, ஒளித்தொகுப்புக்கு உதவுகிறது. அத்துடன் ஊதா ஒளியில் இலைகள் கறுத்தே தெரிவதால், மஞ்சளித்ததையும் அழுக்கணவன் பிடித்ததையும் வேளையோடு கண்டுகொள்ள முடியாது.

பெட்டியின் முகப்பிலுள்ள “1000 வாட்” விற்பனைக்கான எண். பலகையின் பின்புறத்தில் சிறிய எழுத்தில் இருப்பதே உண்மையில் இழுக்கும் மின்சாரம். லூமன் மனிதக் கண்ணுக்கான அளவு என்பதால் அதையும் விட்டுவிட்டு, இழுக்கும் ஒரு ஜூல் மின்சக்திக்கு எத்தனை மைக்ரோமோல் (செடிக்குப் பயன்படும் ஒளித்துகள்களை எண்ணும் அலகு) ஒளி தருகிறது என்று கேளுங்கள். 2.5 அல்லது அதற்கு மேல் என்றால் நல்ல விளக்கு. விற்பவருக்கே தெரியாதென்றால் வேறு கடை பாருங்கள்.

சலாதுக்குச் சதுர மீற்றருக்கு விநாடிக்கு 200 மைக்ரோமோல் வீதம், நாளுக்கு 16 மணித்தியாலம் ஒளி கிடைத்தால் போதும். பக்கவாட்டில் சிதறுவதையும் சேர்த்து, உங்கள் தட்டுக்கு உண்மையான 80 வாட் போதுமானது; அது மாதத்துக்கு ஏறக்குறைய 38 அலகு மின்சாரம். வெள்ளை விளக்கென்றால் கைப்பேசியின் ஒளியளவிச் செயலி காட்டும் லக்ஸ் (வெளிச்ச அளவு) எண்ணை 70ஆல் வகுத்து, மைக்ரோமோல் கணக்கில் ஒளியைத் தோராயமாக அறியலாம். செடியின் உச்சியில் 14,000 லக்ஸ் வரும் உயரத்தில் தொங்கவிடுங்கள்.

எல்.ஈ.டி. சூடாகாது என்பது தவறான நம்பிக்கை. கச்சான் வீசும் மாதங்களில் நம் ஊர் அறைகள் ஏற்கெனவே வெந்துகொண்டிருக்கும். சலாதோ வெக்கையில் பூத்தண்டு விட்டுக் கசந்துபோகும். ஆகவே மாலை நான்கு மணிக்கு விளக்கைப் போட்டு, காலை எட்டுக்கு அணையுங்கள்.

கேள்வி: எனது பச்சைவீட்டில் தக்காளியும் கறிமிளகாயும் உள்ளன. மாரிகால மந்தாரத்துக்கு விளக்குப் பூட்டலாமா?
– வாசகர், தம்பலகாமம்

பதில்: வேண்டாம். டிசம்பரில் எட்டு மணித்தியாலத்துக்கும் குறைவான பகலைக் காணும் நெதர்லாந்துக்காரருக்கு அது தேவை. திருகோணமலையில் அதே மாதத்தில் பதினொன்றரை மணித்தியாலத்துக்குக் குறையாத பகல் உண்டு. தக்காளி நாளொன்றுக்குச் சதுர மீற்றருக்கு 20 முதல் 30 மோல் (ஒரு மோல் என்பது பத்து இலட்சம் மைக்ரோமோல்) ஒளியை விரும்பும். அதில் 10 மோலை மட்டும் விளக்கால் கொடுப்பதென்றாலும், 100 சதுர மீற்றருக்கு, மேற்சொன்ன நல்ல விளக்கிலேயே, நாளுக்கு 110 அலகு மின்சாரம் செலவாகும். எந்தத் தக்காளி விலையும் அதற்கு ஈடுகொடுக்காது. மழை தொடங்குமுன் நிழல்வலையைச் சுருட்டிவைத்து, பொலித்தீனில் படிந்த பாசியையும் புழுதியையும் கழுவுங்கள். வெளுத்துப் புகைபிடித்ததுபோலான பழைய தாளை மாற்றுங்கள். நாற்றுத் தட்டுகளுக்கு மட்டும், தண்டு நெடுத்துச் சாயாமலிருக்க, ஒரு சிறிய பலகை போடலாம். அது ஐ.பி. 65 தரத்தில் இருக்கட்டும். ஆயினும் அத்தரம் நீரையும் தூசையும் தடுக்குமேயன்றி உப்புக்காற்றின் அரிப்புக்கு உத்தரவாதமாகாது என்பதால், இணைப்பு முனைகளில் பச்சை பூத்திருக்கிறதா என்று அவ்வப்போது, மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, பார்த்துக்கொள்ளுங்கள்.