நாவலில் ஒரு முடிவு, திரையில் வேறொரு முடிவு

(முடிவுகளைச் சொல்லாமல் இதைப் பேச முடியாது. படிக்காதவர்கள் கவனிக்கவும்.)

கேள்வி: ஜார்ஜ் ஆர்வெல்லின் '1984' நாவலைப் படித்து முடித்தேன். எந்தப் படத்தைப் பார்ப்பது?

பதில்: 1984இலேயே வந்த மைக்கேல் ராட்ஃபோர்டின் படம். வின்ஸ்டனாக ஜான் ஹர்ட், ஓ'பிரையனாக ரிச்சர்ட் பர்ட்டன். ஒளிப்பதிவு ரோஜர் டீக்கின்ஸ். படச்சுருளைக் கழுவும்போது வெளுக்க வைக்கும் கட்டத்தைத் தவிர்த்தார்கள். வெள்ளி சுருளிலேயே தங்கி, நிறம் செத்துப்போனது. நாவலின் பசியும் அழுக்கும் அப்படித்தான் திரைக்கு வந்தன. படத்தில் கிடைக்காதது, நாவலின் அரசு உருவாக்கும் 'நியூஸ்பீக்' மொழி பற்றிய பின்னிணைப்பு. அது முழுக்க இறந்தகாலத்தில் எழுதப்பட்டது, அதனால் நாவலின் சர்வாதிகார ஆட்சி வீழ்ந்தபின் எழுதியதாக அதை வாசிப்பவர்கள் உண்டு. அதைத் தாண்டிப் போயிருந்தால் திரும்பப் படியுங்கள்.

கேள்வி: ஆர்வெல்லின் 'விலங்குப் பண்ணை' நாவலின் 1954 கார்ட்டூனைப் பிள்ளைகளுக்குக் காட்டலாமா?

பதில்: காட்டலாம், புத்தகத்தின் கடைசிப் பக்கத்தையும் படித்துக்காட்டினால். புத்தகத்தில் பன்றி எது, மனிதன் எது என்று தெரியாமல் விலங்குகள் சன்னல் வழியே பார்த்து நிற்பதோடு கதை முடிகிறது. படத்தில் அவை திரண்டு, பண்ணையை ஆளும் பன்றிகளைக் கவிழ்க்கின்றன. படத்துக்கு ரகசியமாகப் பணம் போட்டது அமெரிக்க உளவு நிறுவனமான சிஐஏ. ஆர்வெல் பன்றியையும் பண்ணை முதலாளியையும் ஒரே மேசையில் உட்காரவைத்தார். படத்தின் கடைசி விருந்தில் பன்றிகள் மட்டும்தான். பாதிக் குற்றச்சாட்டு அங்கேயே போய்விட்டது.

கேள்வி: 'சில்ட்ரன் ஆஃப் மென்' நாவலும் படமும் ஒரே கதையா?

பதில்: பிள்ளை பிறக்காத உலகம் மட்டும்தான் பொது. பி. டி. ஜேம்ஸ் நாவலில் (1992) குறை ஆண்களிடம். இயக்குநர் குவாரோனின் படத்தில் (2006) பெண்களிடம். நாவலின் சர்வாதிகாரி ஸான், நாயகன் தியோவுக்குத் தாயின் சகோதரி மகன். தியோ அவனுக்கு ஆலோசகராகவும் இருந்தவர். கடைசியில் ஸானைச் சுட்டுவிட்டு, அதிகார மோதிரத்தைத் தியோ தன் விரலில் போட்டுக்கொள்கிறார். நல்லவன் கையிலும் அதிகாரம் சும்மா இருக்குமா என்ற அந்தச் சந்தேகம்தான் நாவலின் உயிர்.

படத்தில் ஸானே இல்லை. அரசு என்பது கூண்டுகள், சோதனைச் சாவடிகள், பெக்ஸ்ஹில் அகதி முகாம். பிள்ளை பிறக்காத அந்த உலகில் கர்ப்பமாகும் பெண், படத்தில் கீ என்ற அகதி. நாவலில் 'குவைட்டஸ்' என்பது முதியவர்களைக் கூட்டமாகக் கடலில் மூழ்கடிக்கும் சடங்கு. படத்தில் வீட்டிலேயே எடுத்துக்கொள்ளும் தற்கொலை மருந்து. முதலில் படம், பிறகு நாவல் என்று போனால் இரண்டும் கெடாது.

கேள்வி: 'ஃபாரன்ஹீட் 451'?

பதில்: புத்தகங்களைத் தடைசெய்து எரிக்கும் உலகம் பற்றிய ரே பிராட்பரி நாவல் இது. இயக்குநர் த்ருஃபோவின் படத்தில் (1966) தொடக்கப் பெயர்ப்பட்டியலே எழுத்தில் வராது, குரலில் வாசிப்பார்கள். அருமையான யோசனை. ஆனால் இயந்திர நாய் இல்லை, நகரத்தை அழிக்கும் குண்டும் இல்லை. நாயகனைச் சிந்திக்கவைக்கும் பக்கத்து வீட்டுப் பெண் கிளாரிஸ், நாவலில் பாதியிலேயே காணாமல் போகிறாள்; படத்தில் பிழைத்துவிடுகிறாள்.

கேள்வி: வாசகர் வட்டத்தில் பேசும்போது ஆளுக்கொரு முடிவைச் சொல்கிறார்கள். ஏன்?

பதில்: பதிப்பு வேறாக இருக்கும். 'எ க்ளாக்வொர்க் ஆரஞ்ச்' நாவலின் அமெரிக்கப் பதிப்பில் 1986 வரை 20 அத்தியாயங்கள்தான். வன்முறைக்கார நாயகன் அலெக்ஸ் மனம் மாறும் 21ஆவது இல்லை. குப்ரிக் படமும் அந்த மாற்றம் இல்லாமலே முடிகிறது. 'பிரேசில்' (1985) படத்துக்கு 94 நிமிடத்தில் சுபமாக முடியும் ஒரு தொலைக்காட்சி வடிவம் உண்டு. இயக்குநர் டெர்ரி கில்லியமின் முடிவு அதற்கு நேரெதிர். கூடுமுன் அத்தியாய எண்ணிக்கையையும் படத்தின் நீளத்தையும் எல்லாரிடமும் கேட்டுக்கொள்ளுங்கள்.