மேவெதரிடம் அடிவாங்கி அழுத அந்த ஜப்பான் பையன்

கேள்வி: "2018 டிசம்பர் 31 அன்று ஃபிலாய்ட் மேவெதரிடம் ஒரே சுற்றில் விழுந்து அழுத டென்ஷின் நசுகாவா உண்மையிலேயே பெரிய கிக்பாக்சரா? கராத்தேயிலிருந்து வந்தவராமே, அந்தக் கராத்தே அவருக்கு எதற்காவது உதவியதா?"

பெரிய ஆள்தான். கிக்பாக்சிங்கில் 42 முறை ஏறி 42 முறையும் ஜெயித்தவர், அதில் 28 நாக்அவுட். கராத்தே உதவியதா என்பதற்குத்தான் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்ல வேண்டும்.

அந்த வீடியோவை எனக்கு முதலில் அனுப்பியது ஒரு நண்பன். "உங்க கராத்தே லட்சணத்தைப் பாரு" என்று கூடவே ஒரு வரி. பள்ளி நாட்களில் நாலு வருஷம் கராத்தே வகுப்புக்குப் போனவன் நான், அதனால் இந்தக் கிண்டல். வீடியோவில் 20 வயதுப் பையன் ஒருவன் விழுகிறான், எழுகிறான், மறுபடி விழுகிறான். எதிரில் 41 வயது மேவெதர் சிரித்துக்கொண்டே அடிக்கிறார். மூன்றாவது முறை விழுந்ததும் மூலையிலிருந்து பையனின் அப்பா துண்டை வீசிவிட்டு உள்ளே ஓடி வருகிறார். மொத்தம் 2 நிமிடம் 19 வினாடி. பையன் தேம்பித் தேம்பி அழுகிறான்.

வீடியோவில் தெரியாத விஷயங்களைச் சொல்கிறேன். ஜப்பானின் சைதாமாவில் ரிசின் என்ற சண்டைப் போட்டி நிறுவனம் நடத்திய காட்சிப் போட்டி அது, சாதனைக் கணக்கில் சேராது. விதிகள் முழுக்க பாக்சிங். ஒரு உதை விட்டால் 50 லட்சம் டாலர் அபராதம் என்று செய்திகள் வந்தன. எடை பார்த்தபோது மேவெதர் 66.7 கிலோ, டென்ஷின் 62.1. அந்த 62.1-ம் அவருடைய எடை இல்லை, அப்போது வழக்கமாக 57 கிலோ பக்கத்தில் சண்டை போட்டுவந்தவர். காலைக் கட்டிவிட்டு, தன்னைவிடப் பெரிய உடம்போடு, 50 பாக்சிங் போட்டிகளில் ஒன்றில்கூடத் தோற்காத மனிதருக்கு முன் நிற்க வைத்தால் என்ன நடக்கும்? அதுதான் நடந்தது. ஒப்புக்கொண்டது அவர் தப்பு என்று வேண்டுமானால் சொல்லுங்கள், நானும் தலையாட்டுவேன்.

சரி, கராத்தே விஷயத்துக்கு வருகிறேன். டென்ஷின் 1998 ஆகஸ்டில் பிறந்தவர், டோக்கியோவை ஒட்டிய சிபா மாகாணத்து மாட்சுடோ ஊர்க்காரர். ஐந்து வயதில் கராத்தே தொடங்கினார். தொடக்கப்பள்ளியில் படிக்கும்போதே சிறுவர்களுக்கான உலகப் போட்டியில் பட்டம் வாங்கிவிட்டார். ஆனால் இங்கே கராத்தே என்றதும் காற்றில் குத்தி "ஹா" என்று கத்தும் கட்டாவை நினைக்காதீர்கள். அவர் கற்றது உடம்பில் நிஜமாகவே அடி விழும் வகை, க்யோகுஷின் என்ற கராத்தே பிரிவின் வழியில் வந்தது. அதில் ஒரு விசித்திரமான விதி உண்டு. காலால் தலையில் உதைக்கலாம். கையால் முகத்தில் குத்தக்கூடாது.

இதன் விளைவு எவ்வளவு பெரியது என்பது எனக்கு மூக்கால் தெரியும். கராத்தேயை விட்டு வெகுநாள் கழித்து ஒரு பாக்சிங் பயிற்சிக்கூடத்துக்குப் போனேன். முதல் ஸ்பாரிங், அதாவது பயிற்சிக்கான மோதல். எதிரில் என்னைவிட ஒல்லியான பையன். என் கை இரண்டும் பழக்கதோஷத்தில் நெஞ்சுக்கு முன்னால் நிற்கிறது, கன்னத்துப் பக்கமே போகவில்லை. அவன் இடது கையை அலட்சியமாக நீட்டினான், நேராக மூக்கில். கண்ணில் தண்ணீர் கொட்ட, "இதெல்லாம் அடிக்கலாமா?" என்று கேட்டேவிட்டேன். அவன் சிரித்தான். நாலு வருஷப் பயிற்சியில் என் முகத்தை நோக்கி ஒரு கைகூட வந்ததில்லை என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

இந்த ஓட்டை ஜப்பானுக்குப் புதிது இல்லை. கிக்பாக்சிங் என்ற சொல்லே 1960களில் ஒசாமு நொகுச்சி என்ற ஜப்பானிய அமைப்பாளர் உருவாக்கியது. கராத்தே வீரர்களையும் தாய்லாந்தின் முவாய் தாய் வீரர்களையும் மோதவிட்டுப் பார்த்ததில் பிறந்த விளையாட்டு. அதன் முதல் நட்சத்திரமான ததாஷி சவமுராவும் கராத்தேக்காரர்தான். அவரே தொடக்கத்தில், 1966-ல், சமார்ன் என்ற தாய்லாந்துக்காரரிடம் ஒரே சண்டையில் 16 முறை விழுந்திருக்கிறார். பதினாறு! அப்புறம் எழுந்து வந்து, பறந்து முட்டியால் இடிக்கும் அடியால் நாட்டையே டிவி முன் உட்கார வைத்தார் என்பது தனிக் கதை. பின்னால் 1993-ல் கே-1 என்ற கிக்பாக்சிங் போட்டியைத் தொடங்கிய கஸுயோஷி இஷியும் கராத்தே மாஸ்டர்தான். ஆக, கராத்தேயில் வளர்ந்து முகக்குத்தைத் தனியாகக் கற்றுக்கொண்டு கிக்பாக்சிங்குக்கு வருவது அங்கே தேய்ந்த பாதை.

டென்ஷின் அந்தப் பாதையில் அசாதாரண வேகத்தில் போனார். 2014 ஜூலையில், 15 வயதில், ரைஸ் என்ற அமைப்பில் தொழில்முறை அறிமுகம். 58 வினாடியில் எதிராளி காலி. அடுத்த ஆண்டு, பதினாறே வயதில், அதே அமைப்பின் பேன்டம்வெயிட் என்ற குறைந்த எடைப் பிரிவில் பட்டம். 2016 டிசம்பரில் வன்சலோங் என்ற தேர்ந்த தாய்லாந்து வீரரைச் சுழன்று அடித்த உதையால் முதல் சுற்றிலேயே படுக்க வைத்தார். அந்த மாதக் கடைசியில் ரிசினில் குத்து, உதை, மல்யுத்தம் எல்லாம் கலந்த எம்எம்ஏ சண்டையும் போட்டார், மூன்று நாளுக்குள் இரண்டு. இரண்டிலும் வெற்றி.

நீங்கள் கேட்ட கராத்தே அப்படியே கண்ணால் தெரியும் சண்டை 2019 மார்ச் 10-ல் நடந்தது. எதிரில் அர்ஜென்டினாவின் ஃபெடரிகோ ரோமா. மூன்றாம் சுற்று. டென்ஷின் நிற்கிற இடத்திலிருந்து தலையைக் கீழே கவிழ்த்து, குட்டிக்கரணம் அடிக்கிறவர்போல உடம்பை முன்னால் உருட்டுகிறார். தலை இருந்த இடத்துக்குக் கால் வருகிறது. அந்தக் குதிகால் வானத்திலிருந்து விழுகிற மாதிரி ரோமாவின் தலையில் இறங்குகிறது. ரோமா விழுகிறார், டென்ஷின் உருண்டு எழுகிறார். ஜப்பானியத்தில் இதற்கு 'தோமவாஷி கைதென் கெரி' என்று பெயர், உடம்பைச் சுழற்றி உருண்டு அடிக்கும் உதை. அச்சு அசல் க்யோகுஷின் சரக்கு. முகத்தில் குத்து விழாது என்ற தைரியம் இருக்கும் விளையாட்டில்தான் இப்படியோர் உதை யாருக்காவது தோன்றியிருக்க முடியும். தவறினால் நீங்கள் தரையில் கிடப்பீர்கள். கராத்தே போட்டிகளில் பையன்கள் இதைச் சர்வசாதாரணமாக வீசுவார்கள், பத்தில் ஒன்று பட்டால் அதிர்ஷ்டம். தொழில்முறை கிக்பாக்சிங்கில், உலகப் போட்டித் தொடரில், இதை வைத்து ஆளைச் சாய்ப்பது வேறு ரகம்.

ஆனாலும் அவரை இந்த வித்தைக்காக மட்டும் பாராட்டுகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. அவருடைய நிஜமான பலம் தூரம். அடிக்கும் தூரத்துக்கு எப்போது வருவது, எப்போது விலகுவது என்பதில் ஒரு கால் அங்குலக் கணக்கு. 2018 செப்டம்பரில் எம்எம்ஏ வீரர் கியோஜி ஹொரிகுச்சியோடு கிக்பாக்சிங் விதிகளில் மோதியதைப் பாருங்கள். ஹொரிகுச்சியும் சின்ன வயதிலேயே கராத்தே தொடங்கியவர், தூரத்திலிருந்து பாய்ந்து அடித்துவிட்டு ஓடுகிற ரகம். இரண்டு பேரும் ஒருவர் நிழலை ஒருவர் மிதிக்காமல் சுற்றிக்கொண்டிருப்பார்கள். சத்தமில்லாத, அழகான சண்டை. டென்ஷின் புள்ளியில் ஜெயித்தார்.

ஒரு இடத்தில் மட்டும் எனக்கு உறுத்தல் உண்டு. 2018 ஜூனில் தாய்லாந்தின் ரோட்டாங்கோடு ரைஸ் உலகப் பட்டத்துக்கான சண்டை. ஐந்து சுற்றில் தீராமல் கூடுதல் சுற்று போய், நடுவர்கள் டென்ஷின் பக்கம் கை காட்டினார்கள். ரோட்டாங் அடிவாங்கிக்கொண்டே முன்னால் வந்தார், இவர் பின்வாங்கியபடியே ஆடினார். கடைசிச் சுற்றுகளில் இவர் கால்கள் கனத்துப்போனது வெட்டவெளிச்சம். முழங்கை அடிக்கு அனுமதி இல்லாத விதிகள் என்பதால் ரோட்டாங்கின் பாதி ஆயுதம் உறையிலேயே கிடந்தது. அந்தச் சண்டையை மூன்று முறை பார்த்தேன். ஒருமுறை டென்ஷின் ஜெயித்ததாகத் தோன்றியது, இரண்டு முறை ரோட்டாங். 42-0 என்ற எண்ணில் அந்த ஒன்று கொஞ்சம் ஆடிக்கொண்டுதான் நிற்கிறது.

அப்புறம் தக்கேரு. ஜப்பானில் டென்ஷின் பெயரைச் சொன்னால் கூடவே வரும் பெயர் இதுதான், மேவெதர் இல்லை. தக்கேரு செகாவா கே-1-ல் மூன்று எடைப் பிரிவுகளில் பட்டம் வென்றவர், இவரும் கராத்தேயில் தொடங்கியவர். அடி விழும்போது சிரிப்பார், அடித்துவிட்டும் சிரிப்பார். இருவரில் யார் பெரியவர் என்று 2015-லிருந்தே பேச்சு. ஆனால் கே-1 தன் வீரர்களை வெளியே விடாது, ரைஸ் வேறு கடை. வருஷக்கணக்கில் ரசிகர்கள் தொண்டை கிழியக் கத்தியதுதான் மிச்சம். 2021 மார்ச்சில் டோக்கியோவின் புடோகான் அரங்கில் தக்கேரு ஜெயித்த இரவு, போட்டி அமைப்புகளின் எல்லையைத் தாண்டி டென்ஷின் வளையத்துக்குப் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்திருந்தார். அதற்குப் பிறகுதான் காரியம் நகர்ந்தது.

2022 ஜூன் 19, டோக்கியோ டோம். 56,399 பேர். மூன்று வாரம்கூட இல்லாதபோது ஃபுஜி தொலைக்காட்சி ஒளிபரப்பிலிருந்து விலகிக்கொண்டது. இணையத்தில் காசு கட்டிப் பார்த்தவர்களே ஐந்து லட்சத்துக்கும் மேல். இவ்வளவுக்கும் சண்டை மூன்றே சுற்று, ஒன்பது நிமிடம். முதல் சுற்று முடியப்போகிற நேரத்தில் தக்கேரு உள்ளே வர, டென்ஷினின் இடது கை குறுக்கே வந்து பட்டது. கண் இமைத்தவர்கள் தவறவிட்டிருப்பார்கள். தக்கேரு தரையில். எழுந்தார், சிரித்தார், மூன்றாம் சுற்றில் கையைத் தொங்கவிட்டு "வா, அடி" என்று அழைத்துக்கூடப் பார்த்தார். பலிக்கவில்லை. ஐந்து நடுவர்களும் டென்ஷினுக்கே கொடுத்தார்கள். முடிந்ததும் இருவரும் கட்டிக்கொண்டு அழுதார்கள். சில நாள் கழித்து தக்கேரு பட்டத்தைத் திருப்பிக் கொடுத்து, தனக்கு மன அழுத்த நோய் இருந்ததை வெளிப்படையாகச் சொல்லி, சிறிது காலம் ஒதுங்கினார். எழுந்து நின்று மரியாதை செய்யத் தோன்றியது எனக்கு.

அந்தச் சண்டையைத் தீர்மானித்தது உதை இல்லை, கை என்பதைக் கவனியுங்கள். ஐந்து வயதிலிருந்து முகத்தில் குத்தாமல் வளர்ந்த பையன், வாழ்க்கையின் மிகப் பெரிய சண்டையை ஒரு முகக்குத்தில் ஜெயிக்கிறான். அடுத்து எங்கே போகப்போகிறார் என்பது அதிலேயே தெரிந்தது. ஒரு தோல்விகூட இல்லாத கிக்பாக்சிங்கை 23 வயதில் விட்டுவிட்டு பாக்சிங்குக்குப் போனார். மேவெதர் அன்று ஒப்பந்தம் போட்டுக் கட்டிய காலை இந்த முறை இவரே கட்டிக்கொண்டார்.

பாக்சிங் அறிமுகம் 2023 ஏப்ரலில். முதல் இரண்டும் புள்ளி வெற்றி. "இவருக்குக் கையில் பலம் இல்லை, விளம்பரம்தான்" என்று உடனே ஆரம்பித்துவிட்டார்கள். 2025 பிப்ரவரியில் ஆஸ்திரேலியாவின் முன்னாள் உலக சாம்பியன் ஜேசன் மொலோனியைப் பத்துச் சுற்றில் வென்ற பிறகு அந்தச் சத்தம் குறைந்தது. அதற்குப் பின் இன்னொன்றும் சேர்த்து ஏழுக்கு ஏழு வெற்றி. 2025 நவம்பர் 24, டபிள்யூபிசி என்ற உலக பாக்சிங் அமைப்பின் காலியாக இருந்த பேன்டம்வெயிட் பட்டத்துக்கு தக்குமா இனோவேயுடன் மோதினார். பெயர் கேட்ட மாதிரி இருக்கிறதா? ஜப்பானின் பெரிய பாக்சிங் நட்சத்திரம் நவோயா இனோவேயின் தம்பி.

முதல் இரண்டு சுற்று டென்ஷின் கை ஓங்கியிருந்தது. பிறகு இனோவே ஒவ்வொரு அடியாகத் தூரத்தைத் தின்றார். உதைக்க முடிந்த காலத்தில் டென்ஷினை நெருங்குகிறவன் வயிற்றில் ஒன்று வாங்கிவிட்டுத்தான் நெருங்க வேண்டும். இப்போது அந்தச் சுங்கச்சாவடி இல்லை. ஒன்பது நிமிடத்துக்குப் பழகிய உடம்புக்கு 36 நிமிடம் வேறு. 116-112, 116-112, 117-111, மூன்று நடுவர்களும் இனோவேக்கு. கிக்பாக்சிங், எம்எம்ஏ, பாக்சிங் எல்லாம் சேர்த்து, சாதனைக் கணக்கில் ஏறிய அவருடைய முதல் தோல்வி அதுதான்.

இனி அவரைப் பார்க்க உட்கார்ந்தால் முதலில் ரோமா, பிறகு ஹொரிகுச்சி, பிறகு டோக்கியோ டோம் என்ற வரிசையில் பாருங்கள். ரோட்டாங் சண்டையைப் பார்த்துவிட்டு யார் ஜெயித்தார் என்று கீழே எழுதுங்கள், என் கணக்கு இன்னும் 2-1-ல் நிற்கிறது. மேவெதர் வீடியோவை அனுப்பிய நண்பனுக்கு நான் ரோமா வீடியோவைத் திருப்பி அனுப்பினேன். "இது கிராபிக்ஸ்" என்று பதில் வந்தது.