அல்செஸ்டிஸ் வேடத்தை விட்டுவிடலாமா?

கேள்வி: எங்கள் நாடகக் குழு அடுத்ததாகப் பண்டைய கிரேக்க நாடகாசிரியர் யூரிப்பிடிஸின் ‘அல்செஸ்டிஸ்’ நாடகத்தைப் போடுகிறது. கணவன் சாகாமல் இருக்கத் தன் உயிரைக் கொடுக்கும் ராணி வேடம் எனக்கு. “முகத்தில் பக்தி வழியணும், அன்பின் சிகரம் அவள்” என்கிறார் இயக்குநர். வசனத்தைப் படிக்கப் படிக்க எனக்கு எரிச்சல்தான் வருகிறது. பெண்ணின் காதல் என்றாலே சாவுதானா? வேடத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: விட்டுவிடாதீர்கள். எரிச்சல் இல்லாத ஒருவர் கையில் இந்த வேடம் சிக்கினால் பாழாகிவிடும்.

நாடகம் தெரியாதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கி.மு. 438-இல் ஏதென்ஸில் அரங்கேறியது. கிரேக்கத்தின் தெசலிப் பகுதியில் ஆட்சி செய்யும் அட்மீட்டஸுக்குச் சாவு நெருங்குகிறது. அவன்மேல் பிரியம் கொண்ட கடவுள் அப்போலோ, விதி தேவதைகளை ஏமாற்றி ஒரு சலுகை வாங்கித் தருகிறான்: பதிலுக்கு யாராவது சாக முன்வந்தால் இவன் பிழைத்துக்கொள்ளலாம். வயதான அப்பாவும் அம்மாவும் மாட்டோம் என்கிறார்கள். மனைவி சரி என்கிறாள். அவள் சரி சொன்ன அந்த நேரத்தை யூரிப்பிடிஸ் நமக்குக் காட்டவில்லை. அவள் சாகும் நாளில்தான் நாடகம் தொடங்குகிறது. அட்மீட்டஸ் அவளிடம் எப்படிக் கேட்டான், கேட்கும்போது எங்கே பார்த்துக்கொண்டிருந்தான் என்பதையெல்லாம் நாம்தான் ஊகிக்க வேண்டும்.

இப்போது உங்கள் இயக்குநரின் ‘சிகர’த்துக்கு வருவோம். அந்தப் புகழ்ச்சியெல்லாம் யார் வாயிலிருந்து வருகிறது என்று பிரதியில் கோடு போட்டுப் பாருங்கள். பணிப்பெண் சொல்கிறாள், கோரஸாக, அதாவது சேர்ந்து பாடும் குழுவாக வரும் ஊர்ப் பெரியவர்கள் சொல்கிறார்கள். அல்செஸ்டிஸ் தன்னைப் பற்றி அப்படிப் பேசுவது அரிது. மேடைக்கு வந்ததும் அவளுக்குத் தெரிவது பாதாள நதியின் படகு. படகோட்டி சேரோன், ஏன் தாமதம் என்று அவளை அவசரப்படுத்துகிறான். அது அப்பட்டமான பயம். பக்திக்கு அங்கே இடமே இல்லை.

பயம் அடங்கியதும் அவள் பேசும் நீண்ட வசனத்தில்தான் இந்த வேடத்தின் உயிர் இருக்கிறது. கிட்டத்தட்ட கணக்கு வழக்குப் பேசுகிறாள். நான் சாகாமல் இருந்திருக்கலாம், தெசலியில் விரும்பியவனை மணந்து செல்வமாக வாழ்ந்திருக்கலாம் என்கிறாள். உன் அப்பா அம்மாவுக்குச் சாகிற வயதுதான், அவர்களுக்கு நீ ஒரே பிள்ளை, இருந்தும் உன்னைக் கைவிட்டார்கள் என்கிறாள். அப்புறம் கடனைக் கேட்கிறாள். உயிருக்கு ஈடாக எதையும் தர முடியாது, ஆனாலும் நியாயமான ஒன்றைக் கேட்கிறேன், மறுமணம் செய்து என் பிள்ளைகளுக்குச் சித்தி கொண்டுவராதே என்று வாக்கு வாங்குகிறாள். சித்திக்கு அவள் சொல்லும் உவமை பாம்பு! இதைப் போய்க் கண்ணில் நீர் ததும்ப, குழைந்த குரலில் சொன்னால் எடுபடுமா? சொத்துப் பத்திரம் வாசிக்கிற நிதானம் வேண்டும்.

அப்படியானால் அவளிடம் அன்பே இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது, ஆனால் அதைக் கணவன் பார்ப்பதில்லை. குளித்து, நல்ல உடை உடுத்தி, அடுப்பங்கரைத் தெய்வத்திடம் பிள்ளைகளை ஒப்படைத்துவிட்டு, படுக்கையறைக்குள் போய்க் கட்டிலில் விழுந்து அழுகிறாள். இனி வேறொருத்தி இங்கே வருவாள், அவள் என்னைவிடக் கற்பில் உயர்ந்தவளாக இருக்க முடியாது, அதிர்ஷ்டசாலியாக வேண்டுமானால் இருக்கலாம் என்று அந்தக் கட்டிலிடம் சொல்கிறாள். வேலைக்காரர்கள் ஒவ்வொருவருக்கும் கை நீட்டி விடைபெறுகிறாள். இவ்வளவையும் பணிப்பெண் வந்து சொல்லித்தான் நாம் அறிகிறோம். இதையெல்லாம் நீங்கள் நடிக்கப்போவதில்லை என்றாலும், அழுது முடித்த முகத்தோடுதான் மேடைக்கு வர வேண்டும்.

உங்கள் கேள்வியை நாடகத்துக்குள்ளேயே ஒருவர் கேட்டுவிடுகிறார். அட்மீட்டஸின் அப்பா ஃபெரிஸ். சவ ஊர்வலத்தில் மகனும் அப்பாவும் போடும் சண்டை இருக்கிறதே, அதைவிடக் கேவலமான குடும்பச் சண்டையை நான் வாசித்ததில்லை. உனக்கு உயிர் இனிக்கும்போது எனக்கு மட்டும் கசக்குமா என்கிறார் கிழவர். இன்னும் பல பெண்களை மணந்துகொள், உனக்காகச் செத்துக்கொண்டே இருக்கட்டும் என்றும் குத்துகிறார். சுயநலக்காரர்தான், ஆனால் பேச்சில் பொய் இல்லை. அடக்கம் முடிந்து வெறும் வீட்டைப் பார்த்த பிறகே அட்மீட்டஸுக்கு உறைக்கிறது. இப்போதுதான் புரிகிறது என்கிறான். ஆகவே இந்த நாடகம் ‘பெண்ணே, நீயும் இப்படிச் சாவாயாக’ என்று பாடம் நடத்துவதாக எனக்குத் தோன்றவில்லை. அந்தத் தியாகத்தை வாங்கிக்கொண்டவனின் முகத்தைத்தான் அது உற்றுப் பார்க்கிறது.

இயக்குநரோடு பெண்ணியம் பற்றி வாதாட வேண்டாம், பொழுதுதான் போகும். “இந்த வரியில் அவள் கணக்குக் கேட்கிறாளே, பக்தியாக எப்படிச் சொல்வது?” என்று வரி வரியாகக் கேளுங்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் பிடிவாதம் பிடியுங்கள். கடைசியில் மாவீரன் ஹெராக்ளிஸ் சாவோடு மல்லுக்கட்டி அவளை மீட்டு, முகம் மறைத்து, யாரோ ஒரு பெண் என்று சொல்லி அழைத்து வருகிறான். இனி எந்தப் பெண்ணும் வேண்டாம், உன்னைப் போல் ஒரு சிலை செய்து கட்டிலில் கிடத்திக்கொள்வேன் என்று சபதம் செய்த கணவன், அதே நாளில் அவள் கையைப் பிடித்து வீட்டுக்குள் ஏற்கிறான், தயங்கித் தயங்கித்தான் என்றாலும். அவள் ஒரு வார்த்தை பேசுவதில்லை. பாதாளத் தீட்டு கழிய மூன்று நாள் ஆகும் என்று ஹெராக்ளிஸ் காரணம் சொல்கிறான். பேசும் நடிகர்கள் இருவர் போதும் என்கிற அளவில் எழுதப்பட்ட நாடகம் என்பதால், அந்தக் காலத்தில் வசனமில்லாத வேறு ஒருவரை அங்கே நிறுத்தியிருக்கலாம். உங்கள் குழுவிலும் சும்மா இருக்கிற யாரையாவது நிறுத்தப் பார்ப்பார்கள். விடாதீர்கள், நீங்களே நில்லுங்கள். முக்காடு விலகும்போது அவள் முகத்தில் என்ன இருக்க வேண்டும் என்று பிரதியில் ஒரு சொல் கிடையாது. என்ன செய்யப்போகிறீர்கள் என்று இயக்குநரிடம் முன்கூட்டியே சொல்லிவிடவும் வேண்டாம்.