கையுறை வாங்கும் முன்: எம்.எம்.ஏ. (கலப்புத் தற்காப்புக் கலை) பயிற்சியாளரிடம் சில கேள்விகள்

கேள்வி: மாஸ்டர், என்னிடம் உள்ள பணத்துக்கு ஒரு சோடி கையுறைதான் வாங்க முடியும். யூ.எப்.சி. எனும் தொழில்முறை எம்.எம்.ஏ. போட்டிகளில் வீரர்கள் அணிவது போன்ற, விரல்கள் திறந்த 4 அவுன்ஸ் கையுறையை வாங்கினால் பயிற்சிக்கும் போட்டிக்கும் அதுவே போதுமா? (கல்முனை)

பதில்: போதாது தம்பி. ஒரு சோடிக்குத்தான் வழி என்றால் அது 4 அவுன்ஸாக இருக்கவே கூடாது என்பேன். 4 அவுன்ஸ் என்றால் ஏறக்குறைய 113 கிராம். எதிராளியின் கையைப் பிடிக்கவும் கழுத்தைப் பூட்டவும் விரல்கள் விடுபட்டிருக்க வேண்டும் என்பதற்காகப் போட்டி நாளை மனத்தில் வைத்து உருவான பொருள் அது. ஒரு வாரத்தில் நூற்றுக்கணக்கான தடவை பேக்கில் (தொங்கும் குத்துப் பையில்) குத்துவதற்கோ, நாளைக்கும் உங்களோடு பயிற்சிக்கு வரவேண்டிய நண்பனின் முகத்தில் படுவதற்கோ அதில் உள்ள ஃபோம் காணாது.

கையுறை தலையைக் காக்க வந்தது என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் அது முதலில் காப்பது குத்துபவரின் கை எலும்புகளைத்தான். யூ.எப்.சி. 1993 இல் தொடங்கியபோது கையுறை கட்டாயமில்லை. அந்த முதல் நிகழ்வில் ஆர்ட் ஜிம்மர்சன் என்ற குத்துச்சண்டை வீரர் ஒரு கையில் மட்டும் குத்துச்சண்டைக் கையுறையோடு வந்து, குத்து விடுவதற்கு வழியே இல்லாமல், பிடித்துப் புரளும் சண்டையில் தேர்ந்த ராய்ஸ் கிரேசியிடம் தோற்றுப்போனார். 1997 ஜூலையில் நடந்த 14 ஆவது நிகழ்விலிருந்துதான் எல்லோரும் கையுறை அணிய வேண்டும் என்றாயிற்று.

ஆகவே நீங்கள் முதலில் வாங்க வேண்டியது 16 அவுன்ஸ் குத்துச்சண்டைக் கையுறை. அது ஏறக்குறைய 450 கிராம் வரும். நின்று செய்யும் ஸ்பாரிங்குக்கு (துணையோடு மோதிப் பழகுவதற்கு) அதுவே பாதுகாப்பானது; பேக்கிலும் அளவோடு பயன்படுத்தலாம். ஆனால் பேக்கில் நாளும் அடித்தால் விரல் முட்டிக்கு மேலுள்ள ஃபோம் அமுங்கி இறுகிவிடும். பெருவிரலால் அழுத்திப் பார்த்து உள்ளே உங்கள் முட்டி தட்டுப்படுகிறதென்றால் அந்தச் சோடியை ஸ்பாரிங்குக்கு எடுக்காதீர்கள். பணம் சேர்ந்த பிறகு, நிலத்தில் பிடித்துப் புரளும் பயிற்சிக்கென்று 7 அவுன்ஸ் எம்.எம்.ஏ. ஸ்பாரிங் கையுறை ஒன்றை வாங்குங்கள். போட்டிக்கான கையுறையை முறையாக நடத்தும் ஏற்பாட்டாளர்கள் பெரும்பாலும் தாங்களே தருவார்கள் என்பதால், அதைப்பற்றி இப்போது கவலைப்பட வேண்டியதில்லை.

கேள்வி: வீட்டு வளவில் உரச் சாக்கில் மணல் நிரப்பித் தொங்கவிட்டு அடிக்கிறேன். இரண்டு மாதமாக முட்டிகளும் மணிக்கட்டும் நோகின்றன. விலை கூடிய கையுறை வாங்கினால் சரியாகுமா? (திருக்கோவில்)

பதில்: முதலில் அந்த மணலைக் கொட்டிவிடுங்கள். மணல் ஒவ்வொரு அடிக்கும் கீழே இறங்கி, சில நாட்களில் சாக்கின் அடிப்பாதி சீமெந்துக் கல்லைப் போலாகிவிடும். அதன் மேல் எந்தக் கையுறை போட்டாலும் பலன் குறைவு. தையல் கடைகளில் வீசும் வெட்டுத்துணிகளைக் கேட்டு வாங்கி, இறுக்கமாக அடைத்து, மேலே இடம் விட விட மேலும் அடைத்துக்கொள்ளுங்கள். எடை போதாவிட்டால் சிறு மணல் பை ஒன்றைத் துணிகளின் நடுவே புதைக்கலாம். அது ஓரத்துக்கு வந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இதை நான் பட்டுத்தான் அறிந்தேன். பழக்கத்துக்கு வந்த புதிதில் இதே போன்றதொரு சாக்கில், கைச்சுற்று இல்லாமல், வீசிய குத்து ஒன்று சின்னவிரல் பக்கமாக விழ, அந்த விரலுக்கு நேர் கீழே உள்ளங்கை எலும்பின் கழுத்து முறிந்துவிட்டது. குத்துச்சண்டை வீரர் முறிவு என்று இதற்குப் பெயர் இருந்தாலும், சுவரிலும் கதவிலும் ஆத்திரத்தில் குத்துபவர்களுக்கும் என்னைப் போன்ற கற்றுக்குட்டிகளுக்குமே இது அதிகம் வருகிறது. சுட்டுவிரல், நடுவிரல் ஆகியவற்றின் உள்ளங்கை எலும்புகள் மணிக்கட்டோடு அசையாமல் பொருந்தியவை. மோதிரவிரல், சின்னவிரல் எலும்புகளோ அசையக்கூடியவை. அதனால்தான் முதலிரு முட்டிகளால் குத்தும்படி திரும்பத் திரும்பச் சொல்கிறோம்.

கையுறைக்கு முன் கைச்சுற்றுத் துணி வாங்குங்கள். குத்துச்சண்டைக் கையுறைக்குள் 4.5 மீற்றர் நீளமானது பொருந்தும், எம்.எம்.ஏ. கையுறைக்குள் 3 மீற்றருக்கு மேல் அடங்காது. அதற்கும் வழியில்லை என்றால், மருதமுனைக் கைத்தறிப் பருத்தித் துணியை 5 சென்ரிமீற்றர் அகலத்தில் கிழித்து ஓரம் மடித்துத் தைத்தால் போதும். இழுபடாது என்பதொன்றே குறை. பெருவிரலில் கண்ணியை மாட்டி, மணிக்கட்டில் மூன்று சுற்று, விரல்களை நன்றாக விரித்து வைத்துக்கொண்டு முட்டிகளின் மேல் மூன்று சுற்று, பிறகு விரலிடுக்குகளில் ஒவ்வொன்றாக நுழைத்து எடுத்து, எஞ்சியதை மணிக்கட்டில் முடியுங்கள். கையை மூடும்போது இறுகவும் விரிக்கும்போது தளரவும் வேண்டும். விரல் நுனி நீலம் பாரித்தால் அவிழ்த்து மீண்டும் சுற்றுங்கள்.

இரண்டு மாத நோவு என்று எழுதியிருப்பதால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பெருவிரலின் அடியில் உள்ள குழியை அழுத்தும்போது வலித்தால் உடனே வைத்தியசாலைக்குச் சென்று காட்டுங்கள். அங்கிருக்கும் சிற்றெலும்பின் வெடிப்பு முதல் எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகலாம். வலி நீடித்தால் மறுபடியும் எடுக்கக் கேளுங்கள்.

கேள்வி: தோலா, ரெக்சினா? தோல் என்று சொல்லி விற்பதை எப்படி நம்புவது? (செங்கலடி)

பதில்: கிழமையில் நான்கு நாளுக்கு மேல் பயிற்சி செய்பவருக்கு மாட்டுத் தோல் அல்லது எருமைத் தோல், மற்றவருக்கு நல்ல ரெக்சின் போதும். நமது கரையோரக் காற்றில் இரண்டுக்கும் நோய் உண்டு. மலிவான ரெக்சினின் மேற்பூச்சு ஈரத்தால் சிதைந்து, அடிக்காமல் அலுமாரியில் கிடந்தாலும் செதில் செதிலாக உரியும். தோலோ மாரி மழைக் காலத்தில் பூஞ்சணம் பிடிக்கும். தோலைத் துடைத்து மீட்கலாம். உரிந்த ரெக்சினுக்கு மருந்தில்லை.

அச்சடித்த எழுத்தை நம்ப வேண்டாம். வெட்டிய விளிம்பு எங்காவது வெளியே தெரியும். பெரும்பாலும் வெல்குரோப் பட்டியின் முனையில் தெரியும். அங்கே நார் நாராக இருந்தால் தோல். மெல்லிய மேற்பூச்சும் அதன் கீழே நெய்த துணியும் தெரிந்தால் ரெக்சின். பிறகு பெருவிரல் தையலை இழுத்துப் பாருங்கள், முதலில் பிரிவது அதுதான். கையை உள்ளே விட்டு உள்துணியில் மடிப்போ முடிச்சோ தட்டுப்படுகிறதா என்று தடவுங்கள். அந்த முடிச்சு பத்தாவது நிமிடத்தில் தோலை உரித்துவிடும். பாகிஸ்தானின் சியால்கோட்டில் தயாரானது என்றால் மட்டமானது என்றொரு பேச்சு இங்கே உண்டு. விளையாட்டுப் பொருட்களைச் செய்து உலகெங்கும் அனுப்பும் ஊர் அது. மிக நல்லதும் அங்கிருந்துதான் வருகிறது, மிக மோசமானதும் அங்கிருந்துதான் வருகிறது.

கேள்வி: இணையத்தில் இரண்டு தடவை வாங்கியும் அளவு பிழைத்துவிட்டது. என் கை சிறியது. பெண்களுக்கென்று தனியாக வாங்க வேண்டுமா? (அக்கரைப்பற்று)

பதில்: வேண்டியதில்லை தங்கை, நிறத்தை மாற்றி விலையைக் கூட்டுபவர்களும் இருக்கிறார்கள். கைச்சுற்றுடன், பெருவிரலை விட்டு, நான்கு முட்டிகளையும் சுற்றித் தையல் நாடாவால் அளந்து, அந்த சென்ரிமீற்றர் கணக்கை அந்தந்த நிறுவனத்தின் அட்டவணையோடு ஒப்பிடுங்கள். ஒரு நிறுவனத்தின் எம் (M) அளவு இன்னொன்றின் எஸ் (S) அளவாக இருக்கும் என்பதால் எழுத்தைப் பார்த்து வாங்குவதுதான் உங்களை ஏமாற்றியிருக்கிறது. இரண்டு அளவுகளுக்கு நடுவே வந்தால் எம்.எம்.ஏ. கையுறையில் சிறியதை எடுங்கள், பாவிக்கப் பாவிக்கச் சற்றே விரியும். கையை மூடும்போது ஃபோம் முட்டிகளின் மேலேயே நிற்க வேண்டும். மணிக்கட்டுப் பக்கம் வழுகினால் அளவு பெரிது.

கேள்வி: கண்ணில் விரல் படாத கையுறை என்று ஒன்று உண்டா? யூ.எப்.சி. புதுக் கையுறை கொண்டுவந்து ஏன் கைவிட்டது? (மட்டக்களப்பு)

பதில்: முற்றாகத் தடுப்பது எதுவும் இல்லை. தட்டையாகத் தைத்த கையுறையில் விரல்கள் இயல்பாகவே நீண்டு நிற்கும். முன்னோக்கி வளைத்துச் செய்ததில் கை தளர்ந்திருக்கும்போதும் பாதி மூடியிருக்கும். ஜப்பானின் பிரைட் போட்டிகளில் பயன்பட்டவையும், பயிற்சியாளர் ட்ரெவர் விட்மன் வடிவமைத்தவையும் இந்த வகையில் புகழ் பெற்றவை. யூ.எப்.சி. 2024 ஜூனில் புதிய வடிவத்தை அறிமுகப்படுத்தி, அதே ஆண்டு நவம்பரிலேயே பழையதற்குத் திரும்பிவிட்டது. வீரர்களிடமிருந்தும் இரசிகர்களிடமிருந்தும் முறைப்பாடுகள் வந்துகொண்டிருந்தன. பின்னர் 2025 ஒக்டோபரில் ரொம் அஸ்பினல், சிரில் கான் ஆகியோர் மோதிய ஹெவிவெயிட் பட்டப் போட்டியே கண்ணில் விரல் பட்டதால் முதல் சுற்றில் முடிவின்றி நின்றது. விரல்களை நீட்டி எதிராளியின் முகத்துக்கு நேரே காட்டுவதே விதிப்படி தவறு. நீங்கள் வாங்கும்போது வளைந்த வடிவத்தைத் தெரிவு செய்யுங்கள். பயிற்சியில் எதிராளியின் தூரத்தை அளக்க முன்னே நீட்டும் கையை மூடியே வைத்துப் பழகுங்கள்.

கேள்வி: என் மகனுக்குப் பத்து வயது. அவனுக்கு எத்தனை அவுன்ஸ்? (ஏறாவூர், ஒரு தாய்)

பதில்: 6 அல்லது 8 அவுன்ஸ் சிறுவர் குத்துச்சண்டைக் கையுறை, பயிற்சியாளர் கையில் பிடிக்கும் குத்து மெத்தையில் (பேட்) மட்டும். இந்த வயதில் தலையில் குத்தும் ஸ்பாரிங் வேண்டாம். அதை வலியுறுத்தும் பயிற்சிக்கூடமாக இருந்தால், கையுறைக்கு முன் கூடத்தை மாற்றுங்கள்.

கேள்வி: கையுறை நாற்றம் தாங்க முடியவில்லை. வெயிலில் காயவைத்தும் போகவில்லை. (வாழைச்சேனை)

பதில்: நேர்வெயில் தோலை வெடிக்கச் செய்து பசையையும் இளக்கும், ஆகவே நிழலிலும் காற்றிலும் காயவையுங்கள். பயிற்சி முடிந்தவுடன் பையிலிருந்து எடுத்து, சவர்க்காரம் சிறிது கலந்த ஈரத்துணியால் உள்ளும் புறமும் துடைத்து, வாயை அகல விரித்து மின்விசிறிக்கு முன் வையுங்கள். கைச்சுற்றைத் தினமும் துவையுங்கள். நாற்றத்தின் பெரும்பகுதி அதில்தான் இருக்கிறது. இரவல் கொடுக்கவும் வாங்கவும் வேண்டாம், படை என்ற தோல் நோய் ஒருவர் கையிலிருந்து அடுத்தவர் முகத்துக்கு இப்படித்தான் போகிறது. மழைக்காலத்தில் பழைய பத்திரிகைத் தாளைச் சுருட்டி உள்ளே திணித்து, காலையில் மறக்காமல் எடுத்துவிடுங்கள்.