வாசலுக்கு ஒரு துறை, வகுப்புக்கு ஒரு துறையா?

கேள்வி: பள்ளியில் கடைசி வருடம் படிக்கிறேன். புரோகிராம் எழுத ரொம்பப் பிடிக்கும். ஆனால் கம்ப்யூட்டர் சயின்ஸுக்குப் போட்டி அதிகம். விண்ணப்பத்தில் மெக்கானிக்கல் என்று போட்டு உள்ளே போய்விட்டால், அப்புறம் மாறிக்கொள்ளலாம் என்கிறார் என் மாமா. செய்யலாமா? உண்மையில் இரண்டில் எது மேல்?

பதில்: வேண்டாம். மாமா உங்கள் நல்லதுக்குத்தான் சொல்கிறார். ஆனால் வாசலைத் தாண்டியதும் போட்டி முடிந்துவிடும் என்று நினைக்கிறார். கம்ப்யூட்டர் சயின்ஸுக்குக் கூட்டம் முண்டியடிக்கிற பல்கலைக்கழகங்கள்தான் துறை மாறுவதையும் இறுக்கிப் பிடிக்கின்றன. முதலாண்டில் நல்ல மதிப்பெண் வேண்டும், அந்தத் துறையில் இடமும் காலியாக இருக்க வேண்டும். சில இடங்களில் மாறுவதற்கு வழியே கிடையாது. விண்ணப்பிக்கும் முன் ஒவ்வொரு பல்கலைக்கழகத்தின் துறைமாற்ற விதியையும் நீங்களே படியுங்கள்.

மாற முடியாமல் போனால், பட்டம் வாங்கும்வரை நீங்கள் உட்காரப்போவது மெக்கானிக்கல் வகுப்பில். வெப்ப இயக்கவியலும், திரவமும் வாயுவும் பாய்வதைப் பற்றிய பாய்ம இயக்கவியலும் விரும்பிப் படிக்கிறவர்களையே திணறடிக்கும் பாடங்கள். மனசை வேறெங்கோ வைத்துக்கொண்டு அவற்றைப் படிப்பது பெரிய வேதனை. கெட்டிக்காரப் பிள்ளைகள் இப்படிச் சோர்ந்துபோவதைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

எது மேல் என்ற கேள்விக்குப் பதில் கிடையாது. உங்களுக்கு எது என்பதற்கு உண்டு. புரோகிராம் எழுதப் பிடிக்கும் என்பதை வைத்து மட்டும் முடிவு செய்துவிடாதீர்கள். இன்று மெக்கானிக்கல், சிவில், எலெக்ட்ரிகல் எல்லாவற்றிலும் புரோகிராம் எழுதத்தான் செய்கிறார்கள். எழுதும்போது உங்களை இழுப்பது எது என்று பாருங்கள். கம்ப்யூட்டர் சயின்ஸின் வேர் கணிதத்தில் இருக்கிறது. 1936-இல், இன்று நாம் அறிந்த கணினி எதுவும் இல்லாத காலத்தில், ஆங்கிலேயக் கணிதவியலாளர் ஆலன் டூரிங் ஒன்றை நிரூபித்தார்: எந்த நிரலை, அதாவது புரோகிராமை, கொடுத்தாலும் அது ஓடி முடியுமா, முடியாமல் ஓடிக்கொண்டே இருக்குமா என்று சொல்லிவிடக்கூடிய பொதுவான வழிமுறை இருக்கவே முடியாது. இதைக் கேட்டதும் 'அதெப்படி?' என்று தாளை எடுத்து உட்காரத் தோன்றினால், உங்கள் இடம் அதுதான்.

மாறாக, மோட்டார் ஏன் சூடேறுகிறது, இந்தக் கம்பி எவ்வளவு பாரம் தாங்கும் என்று கை பரபரத்தால் இன்ஜினீயரிங் பக்கம் வாருங்கள். அங்கே காற்று, உராய்வு, துரு எல்லாவற்றுக்கும் கணக்கில் இடம்விட வேண்டும். தாளில் சரியாக வந்த விடை தரையில் நிற்க வேண்டும்.

இரண்டுமே பிடிக்கிறதா? அதற்காகக் கலங்க வேண்டாம். அமெரிக்கக் கணிதவியலாளர் கிளாட் ஷானன் 1936-இல் எலெக்ட்ரிகல் இன்ஜினீயரிங்கிலும் கணிதத்திலும் பட்டம் பெற்றவர். மறு ஆண்டே, மின்சாரத்தால் திறந்து மூடும் ரிலே சுவிட்சுகளின் இணைப்பை, உண்மை, பொய் என்ற இரண்டே மதிப்புகளை வைத்துக் கணக்கிடும் பூலியன் இயற்கணிதத்தால் எழுதிவிடலாம் என்று முதுகலை ஆய்வேட்டில் காட்டினார். டிஜிட்டல் சுற்றுகளின் வடிவமைப்பு அதன் மேல்தான் எழுந்தது. இரண்டும் கைகோக்கத் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு ஐரோப்பாவின் ஏரியன் 5 ராக்கெட் இருக்கிறது. 1996 ஜூன் 4 அன்று புறப்பட்ட 40 விநாடிக்குள் அது சிதறியது. கிடைமட்ட வேகத்தைச் சார்ந்த ஒரு 64 பிட் எண், அதாவது 64 இலக்கங்களில் (0 அல்லது 1) எழுதிய எண், 16 பிட் இடத்தில் அடங்கவில்லை. அந்த எண்ணைக் கையாண்ட நிரல், முந்தைய ராக்கெட்டான ஏரியன் 4-இல் ஒழுங்காக ஓடியதுதான். புதிய ராக்கெட்டின் வேகம் அதிகம் என்பதை நிரலோடு யாரும் பொருத்திப் பார்க்கவில்லை. இரண்டு பக்கமும் தெரிந்தவர்களுக்கு வேலை எப்போதும் இருக்கும். கம்ப்யூட்டர் இன்ஜினீயரிங், எந்திரமும் மின்னணுவியலும் நிரலும் சேர்ந்த மெக்கட்ரானிக்ஸ் போன்ற படிப்புகளையும் அதற்காகப் பாருங்கள்.

ஒரு நடைமுறை விஷயம். பாலம், கட்டடம் போன்றவற்றுக்குப் பொறுப்பேற்றுக் கையெழுத்திட, பல நாடுகளில் உரிமம் வேண்டும். அங்கீகாரம் பெற்ற இன்ஜினீயரிங் பட்டம் இல்லாமல் அதைப் பெறுவது கடினம். மென்பொருள் வேலைக்குப் பெரும்பாலும் அப்படி எதுவும் கேட்பதில்லை. மெக்கானிக்கல் படித்துவிட்டு மென்பொருளுக்குப் போனவர்கள் ஏராளம். எதிர்த்திசையில் போனவர்கள் குறைவு. இதையும் யோசியுங்கள். ஆனால் இதை மட்டும் வைத்துத் துறையைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

பட்டத்தின் பெயரைப் பார்த்தும் ஏமாற வேண்டாம். கம்ப்யூட்டர் சயின்ஸ் ஓரிடத்தில் அறிவியல் புலத்தில் இருக்கும், இன்னோரிடத்தில் பொறியியல் புலத்தில் இருக்கும். உள்ளே நடத்துவது ஏறக்குறைய ஒன்றாகவும் இருக்கலாம், வெகுவாக வேறுபடவும் செய்யலாம். இந்த வாரமே இரண்டு துறைகளின் மூன்றாம் ஆண்டுப் பாடப்பட்டியலை எடுங்கள். முதலாண்டுப் பட்டியல் உதவாது, பெரும்பாலும் எல்லாருக்கும் கணிதமும் இயற்பியலும்தான் இருக்கும். அல்காரிதம், ஆபரேட்டிங் சிஸ்டம், கம்பைலர் ஒரு பக்கம். வெப்பப் பரிமாற்றம், எந்திர வடிவமைப்பு, அதிர்வியல் மறுபக்கம். எந்தப் பக்கத்துப் பாடங்களை இன்று இரவே தேடிப் படிக்கத் தோன்றுகிறதோ, அந்தத் துறையை விண்ணப்பத்தில் எழுதுங்கள். பட்டியலை மாமாவிடமும் காட்டுங்கள்.