கோபர் கேஸ்: கேளுங்க, சொல்லுதேன்

அம்பாசமுத்திரம் பக்கம் ஐந்து மாடும், சாணியைப் புளிக்கவைத்து அடுப்புக்கு கேஸ் எடுக்கும் 2 கனமீட்டர் கலனும் (தினம் 2 கனமீட்டர் வாயு தருவது) வைத்திருக்கிறேன். வந்த கேள்விகளுக்கு என் பதில்.

களக்காட்டிலிருந்து: அண்ணாச்சி, ஏத்தன் (நேந்திரன்) பழம் கழிவு கூடை கூடையாகக் கிடக்கு. சாணிக்குப் பதில் அதையே போடலாமா?

போட்டால் கலன் படுத்துவிடும். பழத்தில் சர்க்கரை அதிகம், மளமளவெனப் புளித்து அமிலமாகும். அந்த அமிலத்தை எரியும் வாயுவான மீத்தேனாக்கும் நுண்ணுயிர்களோ மெதுவாகத்தான் பெருகும். பிஎச் (புளிப்பைக் காட்டும் அளவு, குறையக் குறையப் புளிப்பு கூடும்) 6.5-க்குக் கீழே இறங்கினால் அவை சுணங்கிவிடும். நான் பட்டது இது: கல்யாண வீட்டில் மிஞ்சிய பழத்தை ஆசை ஆசையாக இரண்டு சாக்கு கொட்டினேன். மூன்றாம் நாள், வாயு சேரச் சேர மேலே எழும் டிரம் நன்றாக ஏறியிருந்தது, அடுப்புதான் பற்றவில்லை. வந்ததில் பெரும்பங்கு எரியாத கரியமில வாயு. வெளியே வழிந்த கரைசலில் புளிச்ச மாவு வாடை. பழத்தை அடியோடு நிறுத்தி, சாணியை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து ஊற்றி, நீலச் சுடரைத் திரும்பப் பார்க்க மூன்று வாரம் ஆனது. அதுவரை வீட்டில் விறகடுப்பு, கூடவே எனக்கு ஏச்சு. இப்போது பத்துச் சட்டி சாணிக்கு ஒரு சட்டி பழம், பொடியாக நறுக்கி, தினமும் அதே அளவு.

புளியங்குடியிலிருந்து: எலுமிச்சை?

வேண்டாம். தோலில் இருக்கும் எண்ணெய் அந்த நுண்ணுயிர்களுக்கு ஆகாது. உரக்குழிக்குப் போகட்டும்.

2 கனமீட்டர் கலனுக்கு எத்தனை மாடு வேண்டும்?

தினம் சுமார் 50 கிலோ சாணி, அதே எடை தண்ணீர். ஒரு மாட்டுக்கு 10 கிலோ என்று வைத்தால் ஐந்து மாடு. மேய்ச்சலுக்கு ஓட்டினால் பாதிச் சாணி வழியிலேயே போய்விடும், அதையும் கணக்கில் எடுங்கள். தினம் கிடைக்கும் வாயு, சிலிண்டர் கேஸ் கணக்கில் ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக வரும்.

நாங்குநேரியிலிருந்து: எங்களிடம் ஆடுதான் இருக்கு. புழுக்கை ஆகுமா அண்ணாச்சி?

ஆகும், ஆனால் ஊறவைத்து மசித்துப் போடுங்கள். முழுசாகப் போட்டால் மிதந்து மேலே ஆடை கட்டிவிடும். தொடக்கத்தில் மட்டும் கலனை மாட்டுச் சாணியால் நிரப்புங்கள். தேவையான நுண்ணுயிர்கள் மாட்டு வயிற்றிலிருந்தே வந்துவிடும்.

புதுக் கலன், டிரம் ஏறுது, எரியலை.

முதலில் வருவதில் காற்றும் கரியமில வாயுவும்தான் அதிகம். பக்கத்தில் நெருப்பு இல்லாமல் திறந்து வெளியேற்றிவிட்டு, அடுத்து சேருவதைப் பற்றவைத்துப் பாருங்கள்.

சுடர் விட்டு விட்டு எரியுதே?

குழாயில் தண்ணீர் தேங்கியிருக்கும். தாழ்வான இடத்தில் ஒரு திருகு வைத்து வாரம் ஒருமுறை வடித்துவிடுங்கள்.